இரண்டு நாள் கைவினைப் பட்டறைக்குப் போய் உண்மையிலேயே ஏதாவது கற்றுக்கொள்ள முடியுமா, வீடியோ பார்த்தாலே போதாதா?

முடியும், எந்தப் பட்டறை என்பதைப் பொறுத்து. இந்த ஒரு வரியோடு விட்டிருப்பேன். ஆனால் கேள்வியோடு "போட்டோ எடுத்துப் போடத்தான் இதெல்லாம் நடக்கிறதோ" என்றும் சேர்த்திருக்கிறீர்கள். அதுதான் என்னைச் சீண்டிவிட்டது. நீங்கள் வேலைக்குப் போகிறவர், வார இறுதி மட்டும்தான் கையில் இருக்கிறது, ஏற்கெனவே ஒரு இடத்தில் பணம் கட்டி ஏமாந்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் பட்டறை நடத்துகிறவள் இல்லை. யாருக்கும் ஆள் பிடித்துக் கொடுக்கவும் இல்லை. எனக்குத் தெரிந்தது இயற்கைச் சாயம், அதிலும் பருத்தித் துணி. மண்பாண்டம், மரச்செதுக்கு பற்றியெல்லாம் என்னிடம் கேட்காதீர்கள்.

நான் முதலில் போன பட்டறையில் ஆளுக்கொரு வெள்ளைத் துணி கொடுத்தார்கள். மஞ்சிட்டி வேர்ச் சாயத்தில் முக்கினால் சிவப்பு, அன்னபேதி என்கிற இரும்பு உப்புக் கரைசலில் காட்டினால் கருஞ்சிவப்பு. எல்லோருடையதும் பிரமாதம், கைதட்டல், குழுப்படம். வீட்டுக்கு வந்து அவர்கள் கொடுத்த அதே குறிப்பை என் துணியில் செய்தேன். வெளிறிய இளஞ்சிவப்பு வந்தது, முதல் அலசலில் அதுவும் போனது. போன் போட்டுக் கேட்டால் "உங்க தண்ணி சரியில்ல மேடம்" என்றார்கள். தண்ணீரில் ஒன்றுமில்லை. எங்கள் கையில் கொடுத்த துணி ஏற்கெனவே வேகவைத்து, கடுக்காய் ஏற்றி, சாயத்தைப் பற்றவைக்கிற படிகாரமும் பிடிக்கவைத்த துணி. அதை ஒருவரும் வாயைத் திறந்து சொல்லவில்லை. சாயவேலையில் முக்கால் பங்கு சாயப் பாத்திரத்துக்கு முன்னாலேயே முடிந்துவிடுகிறது. எங்களுக்குக் காட்டியது மிச்சக் கால் பங்கை.

அடுத்ததாகப் போன இடத்தில் சொல்லிக்கொடுத்தவர் பரம்பரைச் சாயக்காரர், எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிட்டோம். முதல் நாள் முழுக்க ஒரு சொட்டு நிறம் கண்ணில் படவில்லை. துணியைச் சலவை சோடா போட்டு வேகவைத்தோம். பளிச்சென்று வெள்ளையாக இருந்த துணியிலிருந்து தண்ணீர் பழுப்பாக இறங்கியது. அது அழுக்கு அல்ல, பருத்தியோடு பிறந்த மெழுகும், பெக்டின் என்கிற பசைப்பொருளும். பிறகு காய்ந்த துணிமேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விடச் சொன்னார். என் துணியில் சொட்டு அப்படியே உருண்டு நின்றது.

"திரும்பப் போடும்மா. தண்ணியே குடிக்காத துணி சாயத்த எப்படிக் குடிக்கும்?"

திரும்பப் போட்டேன். மதியத்துக்கு மேல் இரண்டு பேர் கிளம்பியே போய்விட்டார்கள், துணி துவைக்கவா வந்தோம் என்று. இருந்தவர்களுக்குக் கிடைத்தது இது: பருத்தி படிகாரத்தைத் தானாகப் பிடித்து வைத்துக்கொள்ளாது. கடுக்காயின் துவர்ப்பு முதலில் நாரில் ஏற வேண்டும், படிகாரம் அதைப் பற்றிக்கொண்டு உட்காரும். 100 கிராம் உலர்ந்த துணிக்கு 15 கிராம் படிகாரம். மஞ்சிட்டியைக் கொதிக்கவிடக் கூடாது. மிதமான சூட்டிலேயே வைத்திருந்தால் சிவப்பு, சூடு மிஞ்சினால் பழுப்படிக்கலாம்.

இதெல்லாம் வீடியோவிலும் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, நானும் பார்க்கிறேன். ஆனால் அவுரித் தொட்டியை, அதாவது அவுரிச் செடியின் நீலத்தைக் கரைத்து வைக்கும் சாயத்தொட்டியை, வீடியோவில் கற்றுக்கொண்டேன் என்று யாராவது சொன்னால் எனக்குச் சந்தேகம்தான். அவுரி நீலம் தண்ணீரில் கரையாது. சுண்ணாம்பு போன்ற காரப்பொருள் சேர்த்த தண்ணீரில், ஆக்ஸிஜன் இல்லாமல் அதைக் கரைய வைக்க வேண்டும். பிரான்ஸைச் சேர்ந்த இயற்கைச் சாய வல்லுநர் மிஷல் கார்சியா பரப்பிய 1-2-3 முறையில் நீலம் ஒரு பங்கு, சுண்ணாம்பு இரண்டு, பழச்சர்க்கரை மூன்று. அளவு அவ்வளவுதான். தொட்டி தயாராகிவிட்டதா என்பதுதான் பாடம். மேலே செம்பு நிறத்தில் ஏடு படிந்திருக்கும், அதை விலக்கினால் உள்ளே மஞ்சள் கலந்த பச்சை. உள்ளேயும் நீலமாகவே தெரிந்தால் இன்னும் ஆகவில்லை; அதில் முக்கிய துணி கையிலெல்லாம் நீலம் தேய்க்கும். துணியைக் குமிழி வராமல் இறக்கி, தண்ணீருக்குள்ளேயே பிழிந்து, சொட்டவிடாமல் எடுக்க வேண்டும். சொட்டினால் காற்று உள்ளே போய்த் தொட்டி கெடும். மாஸ்டர் என் மணிக்கட்டைப் பிடித்து மெதுவாக இறக்கிக் காட்டிய வேகத்தை எந்த வீடியோவும் சொல்லித் தராது. வெளியே எடுத்ததும் பச்சைத் துணி கண்ணெதிரே நீலமாகும். ஆமாம், அப்போது நானும் போட்டோ எடுத்தேன்.

பரிசோதனை முயற்சி என்ற பெயரில் நடக்கும் பட்டறைகளையும் நான் மட்டம் தட்டவில்லை. அவற்றில் ஒன்று சயனோடைப், வெயிலால் நீலப் படம் பதிக்கும் முறை; 1842இல் ஆங்கில விஞ்ஞானி ஜான் ஹெர்ஷல் கண்டுபிடித்தது. அடுத்த ஆண்டிலிருந்தே தாவரவியலாளர் அன்னா அட்கின்ஸ் கடற்பாசிகளை அதில் பதித்துப் புத்தகம் போட்டார். இரும்பு உப்புக் கரைசல் பூசி, இலையை வைத்து, வெயிலில் காட்டி, அலசினால் நீலம். அந்த நீலத்தைச் சலவை சோடாவில் வெளுக்கவிட்டு, கடுக்காய்த் தண்ணீரில் போட்டால் கரும்பழுப்பாகிறது. மாஸ்டரிடம் அன்னபேதியும் கடுக்காயும் சேர்ந்தால் கறுப்பு என்று படித்திருந்ததால் எனக்கு இதில் அதிசயம் ஒன்றும் தெரியவில்லை, இரும்பும் துவர்ப்பும்தானே என்று அடுத்த யோசனைக்குப் போக முடிந்தது.

கேட்காத விஷயம்தான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. "கெமிக்கலே இல்லாத சாயம்" என்று போஸ்டர் அடிக்கிறார்களே, அவர்களைக் கண்டாலே பற்றிக்கொண்டு வருகிறது. படிகாரம் என்ன, சுண்ணாம்பு என்ன, அன்னபேதி என்ன? அன்னபேதி கொஞ்சம் கூடினால் துணி நாளடைவில் இற்றே போகும். இன்னொரு கூட்டம் பீட்ரூட் சாறில் துணியை நனைத்து இயற்கைச் சாயம் என்கிறது. அது சாயமில்லை, கறை. நாலு நாள் வெளிச்சம் பட்டால் போய்விடும். அதை நம்பிச் செய்தவர்கள் அப்புறம் இயற்கைச் சாயமே நிற்காது என்று பேசித் திரிகிறார்கள்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். பணம் கட்டுமுன் ஒன்று மட்டும் கேளுங்கள்: "துணியை நாங்களே தயார் செய்வோமா, நீங்கள் தயார் செய்து வைத்திருப்பீர்களா?" நேரமில்லாததால் தயாராக வைத்திருக்கிறோம், எப்படிச் செய்தோம் என்று சொல்லித் தருகிறோம் என்றால்கூடப் பரவாயில்லை, போகலாம். "அதெல்லாம் நாங்க பாத்துக்கறோம், நீங்க வந்து என்ஜாய் பண்ணுங்க" என்றால் போகாதீர்கள். என்ஜாய் பண்ணத்தான் போகிறீர்கள் என்றால் தாராளமாகப் போங்கள், அதையும் நான் தப்பென்று சொல்லவில்லை.