தொடக்கப் பள்ளியில் சுற்றுச்சூழலை வகுப்பறைக்கு வெளியே எப்படிக் கற்றுக்கொடுக்கலாம்? மரக்கன்று நடுவதைத் தவிர வேறு என்ன செய்யலாம்?

டெல்டா பக்கம் ஒரு கிராமத்துத் தொடக்கப் பள்ளியில் ஆசிரியராக இருக்கிறேன். எங்களுக்குச் சரிப்பட்டு வந்ததைச் சொல்கிறேன்.

முதலில் மரக்கன்று விஷயத்தை முடித்துவிடலாம். ஜூன் 5 உலகச் சுற்றுச்சூழல் நாள் என்று கன்று நட்டு, போட்டோ எடுத்து, வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிடுகிறோம். ஆனால் டெல்டாவில் ஜூனில் மழை ஏது? தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் கிட்டத்தட்டப் பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவத்தில்தான் கிடைக்கிறது. கடலோர மாவட்டங்களில் அதன் பங்கு இன்னும் அதிகம். புரட்டாசிக் கடைசியில் நட்டால் ஐப்பசி, கார்த்திகை மழையிலேயே வேர் பிடித்துவிடும். விழா ஜூனில் நடக்கட்டும், கன்றை அக்டோபரில் நடுங்கள்.

ஆனால் என்னைக் கேட்டால், புதிதாக நூறு கன்று நடுவதைவிட ஏற்கெனவே நிற்கிற ஒரு மரத்தை வருஷம் முழுக்கக் கவனிப்பது மேல். எங்கள் பள்ளியில் அது புங்கன். வாரத்துக்கு ஒரு நாள் பிள்ளைகள் அதன் அடியில் நின்று தளிர், முற்றிய இலை, பூ, காய் ஒவ்வொன்றும் நிறைய இருக்கிறதா, கொஞ்சமா, இல்லவே இல்லையா என்று நோட்டில் குறிப்பார்கள். 'சீசன்வாட்ச்' என்ற மக்கள் அறிவியல் திட்டமும் இதே முறைதான். கேரளப் பள்ளிகள் அதில் நிறையப் பங்கெடுக்கின்றன. மாசியில் இலை உதிர்ந்து, பங்குனியில் பளபளவென்று தளிர் விட்டு, அதோடு பூவும் வந்து, தரையெல்லாம் பொரி கொட்டின மாதிரி கிடக்கும். இலையில் மேடுமேடாக இருப்பதைப் பார்த்து "டீச்சர், மரத்துக்கு அம்மை போட்டிருக்கு" என்றாள் ஒரு மூன்றாம் வகுப்புப் பெண். அது கண்ணுக்கே தெரியாத ஒருவகைச் சிலந்திப்பேன் உண்டாக்கும் முடிச்சு. ஒரு இலைக்கு எத்தனை முடிச்சு என்று எண்ணினோம். அன்றைய கணக்கு வகுப்பு அதிலேயே ஓடிவிட்டது.

அடுத்து, கறிவேப்பிலைச் செடி ஒன்று கட்டாயம் வையுங்கள். எலுமிச்சை வண்ணத்துப்பூச்சி அதைத் தேடி வந்து முட்டையிடும். புழு சின்னதாக இருக்கும்போது அசல் பறவை எச்சம் போலவே இருக்கும், வளர்ந்ததும் பச்சையாகிவிடும். ஒரு குச்சியால் லேசாகத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து செம்மஞ்சள் நிறத்தில் இரட்டைக் கொம்பை நீட்டும், கூடவே ஒரு நெடி. 'எதிரியிடமிருந்து தப்பித்தல்' என்று பாடம் எடுக்க வேறு எதுவும் வேண்டாம். எங்கள் சத்துணவுச் சமையலர் அக்காவுக்கு மட்டும் இதில் வருத்தம்: "சாம்பாருக்குத் தாளிக்க வெச்சிருந்தேன், புழுவுக்கு விட்டுட்டீங்களே!" பஞ்சாயத்து செய்து, ஒரு செடி அக்காவுக்கு, ஒரு செடி புழுவுக்கு என்று பிரித்தாயிற்று.

சத்துணவுக் கூடமும் ஒரு வகுப்பறைதான். தட்டு கழுவும் தண்ணீரை வாய்க்கால் வெட்டி வாழைக்கு விட்டிருக்கிறோம். முட்டை ஓடும் காய்த்தோலும் உரக்குழிக்குப் போகின்றன. மிட்டாய், சிப்ஸ் உறைகளைத் தனியாகச் சேர்க்கச் சொல்லி, பழைய பேப்பர் கடைக்காரரிடம் பிள்ளைகளையே கேட்க வைத்தேன். அவர் வாங்க மறுத்தார். பிளாஸ்டிக்கும் உலோகப் பூச்சும் அடுக்கடுக்காக ஒட்டியிருப்பதால் பிரிக்க முடியாது என்பது அன்றைக்குப் புரிந்த அளவு சுவரொட்டியைப் பார்த்துப் புரியவில்லை.

பொங்கல் விடுமுறையில் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. கால் மணி நேரம் ஒரே இடத்தில் இருந்து பார்த்ததை 'ஈபேர்ட்' (eBird) என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் பதியலாம். காக்கை, மைனா, தவிட்டுக்குருவி என்று தெரிந்த பறவைகளில் தொடங்கினால் போதும்.

"படிக்க அனுப்பினா வெயில்ல நிக்க வைக்கிறாங்க" என்று பெற்றோர் சொல்லத்தான் செய்வார்கள். காலை பத்தரைக்குள் முடித்துவிடுங்கள். நோட்டைப் பெற்றோர் கூட்டத்தில் காட்டுங்கள், அதற்குப் பிறகு பேச்சு குறையும். செடிக்கு மே மாதம் யார் தண்ணீர் ஊற்றுவது என்பதை மட்டும் ஏப்ரலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஊரில் பள்ளிக்குப் பக்கத்து வீட்டுப் பாட்டி பார்த்துக்கொள்கிறார், வாழைக்காய் அவருக்கு.

பள்ளியில் இடமே இல்லையென்றால் தெருவோர வேம்பு ஒன்று போதும். கேட்டைத் தாண்டிக் கூட்டிப்போவதாக இருந்தால் தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.