புரோட்டோன் சாகா காரில் டி (டிரைவ்) கியரில் நடுக்கம்: எஞ்சின் மவுண்டிங்தானா என்று கைப்பேசியில் கண்டுபிடிக்கலாமா?

கண்டுபிடிக்கலாம். பேராக்கின் சுங்கை சிப்புட் பக்கத்துச் செம்பனைத் தோட்டச் சாலைகளில் ஓடும் வண்டிக்கு, எஞ்சினைத் தாங்கி அதிர்வைக் குறைக்கும் மவுண்டிங் ரப்பர் சீக்கிரம் கிழியும்தான். ஆனாலும் ஃபோர்மேன் (மெக்கானிக்) சொன்னதும் முழு செட்டையும் மாற்றிவிடாதீர்கள்.

கைப்பேசியை ஓட்டுநர் இருக்கையின் இரும்புத் தண்டில் இரட்டைப் பக்க டேப்பால் இறுக ஒட்டி, அதிர்வுச் செயலியில் அலைவெண் வரைபடத்தைத் (நொடிக்கு எத்தனை அதிர்வில் எவ்வளவு பலம் என்று காட்டுவது) திறங்கள். நொடிக்கு 100 அளவீடாவது எடுக்க வேண்டும். நியூட்ரலில் ஒருமுறை, பிரேக்கை மிதித்தபடி டியில் ஒருமுறை, பிறகு ஏர்கானோடு.

நான்கு சிலிண்டர் எஞ்சின் 750 ஆர்பிஎம்மில் 25 ஹெர்ட்ஸில் (நொடிக்கு 25 அதிர்வு) முகடு, அதாவது வரைபடத்தில் உச்சி, காட்டும். டியில் 700க்கு இறங்கினால் அது 23.3க்கு நகரும். டியில் மட்டும் முகடு பலமாக ஓங்கினால் மவுண்டிங்மேல் சந்தேகம் வலுக்கும். எண்ணெய் நிரப்பிய ஹைட்ராலிக் வகை மவுண்டிங் என்றால் எண்ணெய்க் கறை தெரிகிறதா பாருங்கள்.

6 ஹெர்ட்ஸ் அருகே தனி முகடு எழுந்தால் ஒரு சிலிண்டர் சரியாக எரியவில்லை. எரிபொருளைப் பற்றவைக்கும் பிளக், காயிலைத்தான் முதலில் சோதிக்கவேண்டும்.