தண்ணீரை நிறுத்தியது யார்?

கேள்வி: என் தாயாருக்கு வயது 76. பல ஆண்டுகள் ஜார்ஜ்டவுனில் பூக் கட்டி விற்று எங்களை வளர்த்தவர். சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். அதிர்ந்து பேசாத அவர், கடந்த 12 நாட்களில் வேறு யாரோ ஆகிவிட்டார். தம்முடைய இரண்டு பவுன் வளையலை என் மனைவி திருடிவிட்டதாகப் பக்கத்து வீட்டுச் சீனப் பெண்மணியிடம் போய்ச் சொல்கிறார். மாலையானால் கெட்ட வார்த்தை பேசுகிறார். இறந்துபோன அப்பா சமையலறையில் நிற்பதாகச் சொல்கிறார். நள்ளிரவில் விரிப்பின் நூலைப் பிரித்து, பூக் கட்டுவதுபோல் முடிச்சுப் போடுகிறார். காலையில் ஒன்றுமே நடக்காததுபோல் "சாப்பிட்டியாப்பா?" என்கிறார். நடிக்கிறார் என்பது என் மனைவியின் கருத்து. தண்ணீர்மலைக்கு அழைத்துப்போய் அர்ச்சனை செய்தோம். ஒருவர் செய்வினை என்று சொல்லித் தாயத்துக் கட்டினார். இரவில் நான்கைந்து முறை சிறுநீர் கழிக்க எழுந்து மனைவியின் தூக்கமும் கெடுவதால், மாலை ஐந்து மணிக்கு மேல் தண்ணீர் கொடுப்பதை நிறுத்திவிட்டோம். நான் ஆண்டுதோறும் தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலில் தொண்டு செய்பவன், பெற்றோரை மதிப்பவன். கிள்ளானில் இருக்கும் தங்கை, முதியோர் இல்லத்தில் சேர்த்துவிடலாம் என்கிறாள். சேர்க்கலாமா?
- பெயர் வெளியிட விரும்பாதவர், ஆயர் ஈத்தாம், பினாங்கு

பதில்: நான்கு பக்கம் எழுதியிருக்கிறீர்கள், இடம் கருதி மேலே சுருக்கியிருக்கிறேன். அந்த நான்கு பக்கத்தில் வளையலுக்கு ஒன்றரைப் பக்கமும், தங்கையோடு நடந்த தொலைபேசிச் சண்டைக்கு ஒரு பக்கமும் போய்விட்டன. தண்ணீரை நிறுத்திய செய்திக்கு நீங்கள் ஒதுக்கியது ஒரே ஒரு வாக்கியம். அதிலும் தூக்கம் கெடுகிறது என்ற புகார்தான் முன்னால் நிற்கிறது. எனக்கு அந்த வாக்கியத்தைத் தாண்டிப் போக முடியவில்லை.

இரவில் நான்கைந்து முறை எழுகிறார் என்கிறீர்களே, எப்போதிலிருந்து எழுகிறார்? பல ஆண்டுகளாக இப்படித்தான் என்றால் உங்கள் மனைவியின் தூக்கம் இப்போது புதிதாகக் கெட்டிருக்காது. அம்மாவின் பேச்சு மாறியதும் இதுவும் ஏறக்குறைய ஒரே வாரத்தில் தொடங்கியிருந்தால், அதைத் தொந்தரவு என்று நினைத்த நீங்கள் நோயின் முதல் அறிகுறியைக் கண்ணால் பார்த்துவிட்டு விட்டுவிட்டீர்கள் என்று பொருள். சர்க்கரை ஏறினாலும் இப்படி அடிக்கடி போகும். சிறுநீரில் கிருமித் தொற்று வந்தாலும் போகும். நம் வயதில் தொற்று வந்தால் எரிச்சலும் காய்ச்சலும் வந்து சொல்லிவிடும். 76 வயதில் இரண்டும் இல்லாமல், முதல் தடுமாற்றம் புத்தியில் தெரிவது உண்டு. அப்படிப்பட்ட நேரத்தில் உடம்பு கேட்பது தண்ணீரை. நீங்கள் ஐந்து மணிக்குக் குழாயை மூடியிருக்கிறீர்கள். மறுநாள் காலை ஏழு மணிக்கு முதல் டம்ளர் என்று வைத்துக்கொண்டால்கூட 14 மணி நேரம், அதுவும் பினாங்குப் புழுக்கத்தில். வயதாக ஆகத் தாக உணர்வே மங்கிவிடுவதால் அவர் வாய்விட்டுக் கேட்கவும் மாட்டார். இரத்த அழுத்தத்துக்காக அவர் சாப்பிடும் மாத்திரைகளில் நீரை வெளியேற்றும் மாத்திரை ஒன்று இருந்தால், மேலிருந்து வருவதை நிறுத்திவிட்டுக் கீழே வடிய விட்டிருக்கிறீர்கள். உடம்பு வற்றினால் மலமும் கட்டும், இரத்தத்தில் உப்பின் அளவும் தடுமாறும். புத்தி கலங்குவதற்கு இவற்றில் ஏதாவது ஒன்றே போதும்.

தம்பி, தைப்பூசத்தன்று ஜாலான் உத்தாமா நெடுகப் பந்தல் போட்டு, முகம் தெரியாத ஆயிரம் பேருக்கு மோரும் பானகமும் ஊற்றுகிறோம். உங்கள் கையால் வாங்கிக் குடித்தவர்களில் யாரையாவது "நள்ளிரவில் எழுந்திருப்பீர்களா?" என்று கேட்டுவிட்டா ஊற்றினீர்கள்? பெற்றோரை மதிப்பவன் என்பதற்குச் சான்றாக அந்தப் பந்தலை எழுதிய அதே பக்கத்தில்தான் இந்த வாக்கியமும் இருக்கிறது. இரண்டும் அடுத்தடுத்து நிற்பது எழுதும்போதே உங்கள் கண்ணில் பட்டிருக்க வேண்டும்.

நடிப்பு என்ற பேச்சை இன்றோடு விடுங்கள். காய்ச்சல் முற்றிப் பிதற்றுவதை நம் பாட்டிமார் ஜன்னி என்றார்கள்; மருத்துவர்கள் டெலிரியம் என்கிறார்கள். முதியவர்களுக்கு அது காய்ச்சல் இல்லாமலும் வரும். சில நாட்களுக்குள் திடீரென்று தொடங்கும், ஒரே நாளில் ஏறி இறங்கும், காலையில் தெளிந்து மாலையில் கலங்கும், இல்லாதவர் நிற்பதாகக் கண்ணுக்குத் தெரியும். மறதி நோயின் நடை வேறு. அது பெரும்பாலும் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் ஊர்ந்து வரும். காலையில் உங்களைச் சாப்பிட்டாயா என்று கேட்பதும் இரவில் திட்டுவதும் அவர் நடிப்பதற்குச் சான்று என்று எண்ணினீர்கள். மருத்துவர் அதைக் கேட்டால் நோயைச் சந்தேகிப்பார். விரிப்பின் நூலைப் பிடுங்குவதும் அப்படித்தான். அது மருத்துவர்களுக்கு மிகப் பழைய அறிகுறி. உங்கள் அம்மாவின் விரல்கள் அதைப் பூ முடிச்சாகப் போடுகின்றன, அவ்வளவுதான். பிழைப்புக்குக் கற்றது புத்தி கலங்கிய நேரத்திலும் கையை விட்டுப் போகவில்லை.

ஊரைத் திட்டிவிட்டு நான் ஒதுங்கிக்கொள்ளப் போவதில்லை. என் மாமியார் ஒரு நாள் என்னைப் பார்த்து, "நீ யாரம்மா, இந்த வீட்டு வேலைக்காரியா?" என்று கேட்டபோது இரண்டு நாள் நான் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள்தான், அவர் கழிவறைக்குப் போய் ஒரு வாரத்துக்கு மேல் ஆகிறது என்பது தெரிந்தது. ஒரு தாதி வந்து எனிமா கொடுத்தார். மறுநாள் மாலை, "ரசத்தில் புளி தூக்கலாக இருக்கிறதே" என்று என் பெயர் சொல்லிக் குறை சொன்னார். அந்த இரண்டு நாள் மௌனத்துக்கு நான் இன்றுவரை அவரிடம் மன்னிப்புக் கேட்கவில்லை.

நான் மருத்துவர் அல்ல. உங்கள் அம்மாவுக்கு இன்ன காரணம்தான் என்று கடிதத்தை வைத்துச் சொல்ல முடியாது. திடீர்க் குழப்பத்தைக் காத்திருந்து பார்க்கக் கூடாது என்று மட்டும் உறுதியாகச் சொல்வேன். இதழைக் கீழே வைத்துவிட்டு அவரை நிமிர்ந்து உட்கார வையுங்கள். தூக்கக் கலக்கம் இல்லாவிட்டால் சிறிது சிறிதாகத் தண்ணீர் கொடுத்துவிட்டு, இன்றே பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். வீட்டில் சர்க்கரை பார்க்கும் கருவி இருந்தால் புறப்படும் முன் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துப் பாருங்கள். சரியாகச் சாப்பிடாமல் சர்க்கரை மாத்திரை மட்டும் உள்ளே போனால் அளவு 4-க்குக் (mmol/L கணக்கில்) கீழே இறங்கி, அதுவே பிதற்ற வைக்கும். அவர் சாப்பிடும் மாத்திரைகள் அத்தனையையும், கடையில் நீங்களாக வாங்கிய சளி மாத்திரை உட்பட, ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். தூக்கம் வரவைக்கும் சளி மாத்திரைகளில் சில முதியவர்களின் புத்தியைக் கலக்கும், சிறுநீரையும் அடைக்கும். அண்மையில் எங்கேயாவது வழுக்கித் தலையை இடித்துக்கொண்டாரா என்று நினைத்துப் பாருங்கள், ஏனெனில் சின்ன இடிக்குக்கூட இந்த வயதில் மண்டைக்குள் மெல்ல இரத்தம் கசிந்து வாரங்கள் கழித்து வெளியே தெரியும். வாய் ஒரு பக்கம் கோணினாலோ, ஒரு கை தளர்ந்தாலோ, பேச்சுக் குழறினாலோ காரை எடுக்காதீர்கள், 999-ஐ அழையுங்கள்.

மருத்துவரிடம் "வயதாகிவிட்டது, கொஞ்சம் குழப்பம்" என்று தொடங்காதீர்கள். "12 நாட்களுக்கு முன்பு தெளிவாக இருந்தார், இப்போது இப்படி, சிறுநீர் இத்தனை முறை, தண்ணீரை நாங்கள் குறைத்தோம்" என்று நாள் கணக்கோடு சொல்லுங்கள். கடைசிச் சொல்லைச் சொல்ல வெட்கமாக இருக்கும். அதைச் சொல்லாவிட்டால் மற்றதைச் சொல்லியும் பாதிப் பயன்தான். சிறுநீர்ப் பரிசோதனையும் இரத்தத்தில் உப்பு, சர்க்கரை, சிறுநீரகப் பரிசோதனையும் கேளுங்கள். அரசு சுகாதார கிளினிக்கில் குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணம் அதிகம் போனால் ஒரே ஒரு ரிங்கிட். 12 நாட்களில் நீங்கள் அங்கேகூட எட்டிப் பார்க்கவில்லை. தாயத்துக்கு எவ்வளவு கொடுத்தீர்கள் என்று எழுதவில்லை.

உங்கள் மனைவிக்கு ஒரு சொல். திருடி என்ற பட்டத்தோடு நள்ளிரவில் எழுந்து அதே மாமியாரைக் கழிவறைக்கு அழைத்துப் போகும் பெண்ணின் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. கோபமெல்லாம் உங்கள் மேல்தான். மனைவியின் தூக்கம் கெடுகிறது என்று எழுதினீர்கள். நீங்கள் எழுந்ததாக நான்கு பக்கத்தில் ஓரிடத்திலும் இல்லை. அம்மா உங்களுடைய அம்மா. இன்றிரவு முதல் இரண்டு முறையாவது நீங்கள் எழுந்தால் மனைவியின் தூக்கமும் மிஞ்சும், தண்ணீரை நிறுத்தும் யோசனையும் வராது. படுக்கைக்குப் பக்கத்தில் ஒரு கமோட் நாற்காலியும் மங்கலான விளக்கும் வைத்தால், விழுந்துவிடுவார் என்ற பயம் பாதி போகும். இதயத்துக்கோ சிறுநீரகத்துக்கோ மருத்துவர் அளவு கட்டியிருந்தால் ஒழிய, பகலிலேயே கஞ்சி, மோர், பார்லித் தண்ணீர் என்று ஒன்றரை லிட்டராவது உள்ளே போகட்டும். பெரும்பகுதி மாலைக்குள் போய்விட்டால் இரவில் எழுவது தானாகக் குறையும். சிறுநீர் தே-ஓ (பால் இல்லாத தேநீர்) நிறத்தில் போனால் போதவில்லை என்று பொருள். வளையலைப் பற்றி வாதாடாதீர்கள். "சரிம்மா, தேடுவோம்" என்று கூடவே தேடுங்கள். கண்ணாடி போடுபவர் என்றால் அதை எடுத்து மாட்டிவிடுங்கள். இருட்டில் மங்கிய கண்ணுக்குத்தான் சமையலறை நிழல் அப்பாவாகத் தெரியும்.

முதியோர் இல்லம் பற்றி இப்போது பேசமாட்டேன். எல்லா இல்லமும் பாவம் என்று சொல்லும் கட்சி நான் இல்லை. பார்க்கவே ஆளில்லாத வீட்டைவிட நல்ல இல்லம் மேல். ஆனால் தீர்க்கக்கூடிய ஒரு நோயைத் தீர்க்காமல் அதைச் சாக்காக வைத்துப் பெற்றவளை இடம் மாற்றுவது, முடிவு எடுப்பது ஆகாது, தள்ளிவிடுவது. புது இடத்துக் கட்டில் கலங்கிய புத்தியை இன்னும் கலக்கும். தொற்று என்றே வைத்துக்கொண்டாலும், மருந்து முடிந்த மறுநாள் பழைய அம்மா திரும்பிவிடமாட்டார். முழுதும் தெளிய வாரக்கணக்கில் ஆகலாம். அதற்குப் பிறகும் மறதியோ சந்தேகமோ மிஞ்சினால் நினைவாற்றல் பரிசோதனை கேளுங்கள். தங்கையைக் கிள்ளானிலிருந்து வரச் சொல்லுங்கள். யோசனை சொல்பவர் பத்து இரவாவது அந்த அறையில் படுத்துவிட்டுச் சொல்லட்டும். இல்லத்துக் கேள்வி அப்போதும் இருந்தால் அதை எனக்கு எழுதாதீர்கள், அம்மாவிடம் கேளுங்கள். காலையில் கேளுங்கள், அவர் தெளிவாக இருக்கும் நேரம் அதுதான்.