ஸ்பிரிங்ஸ்டீனின் சோல் ஆல்பம்: உங்கள் கேள்விகள், என் பதில்கள்

அமெரிக்க ராக் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 2022 நவம்பரில் வெளியிட்ட 'ஒன்லி தி ஸ்ட்ராங் சர்வைவ்' ஆல்பம் பற்றிக் கேளுங்கள் என்றிருந்தேன். பழைய சோல் பாட்டுகள் பதினைந்தை அவர் திரும்பப் பாடிய ஆல்பம் அது. கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

சோல் என்றால் என்ன அண்ணா? ராக் மட்டும்தான் கேட்டுப் பழக்கம்.

கறுப்பின அமெரிக்கர்களின் தேவாலயப் பாட்டும் ரிதம் அண்ட் புளூஸும் 1950களில் கலந்து பிறந்தது. ஆண்டவரைக் கூப்பிட்ட அதே தொண்டையில் காதலியைக் கூப்பிட்டார்கள், அவ்வளவுதான். ராக்கில் காது கிட்டாரைத் தேடிப் போகும். இங்கே குரலைப் பிடித்துக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் தானாகப் பின்னால் வரும்.

73 வயதில் அடுத்தவர் பாட்டைப் பாடுகிறாரே, சரக்கு தீர்ந்துவிட்டதா?

இந்தக் கேள்வியை மட்டும் ஆறேழு பேர் கேட்டிருக்கிறீர்கள். 2020இல்தான் 'லெட்டர் டு யூ' வந்தது, எல்லாம் அவரே எழுதியவை. எழுதுகிற வேலையை ஒதுக்கிவைத்துவிட்டு, வெறும் பாடகராக ஒரு ஆல்பம் செய்ய ஆசைப்பட்டதாக அவரே சொன்னார். சோல் அவருக்குப் புதுசும் இல்லை. 1975இல் வந்த 'டென்த் அவென்யூ ஃப்ரீஸ்-அவுட்' பாட்டைப் போட்டு, ஆரம்பத்தில் வரும் சாக்ஸஃபோன், டிரம்பெட் கூட்டத்தைக் கேளுங்கள். சோலுக்குப் பேர்போன மெம்ஃபிஸ் ஊரின் வாசனை அடிக்கும்.

அவருடைய ஈ ஸ்ட்ரீட் பேண்ட்தானே வாசித்திருக்கிறது? நான் பேஸ் கிட்டார் கற்கிறேன், அதனால் கேட்கிறேன்.

இல்லை தம்பி. சாக்ஸஃபோன், டிரம்பெட் மாதிரி ஊதும் வாத்தியங்கள் மட்டும் அந்த பேண்டின் ஈ ஸ்ட்ரீட் ஹார்ன்ஸ். டிரம்ஸ், பேஸ், கிட்டார், கீபோர்டு எல்லாம் பெரும்பாலும் தயாரிப்பாளர் ரான் அனியெல்லோ ஒருவரே. இந்த ஆல்பத்தின் மேல் எனக்கிருக்கும் மனத்தாங்கல் இதுதான். டெட்ராய்ட்டில் மோடவுன் என்ற இசைத்தட்டுக் கம்பெனி ஒரு வீட்டையே ஸ்டூடியோவாக்கி, ஃபங்க் பிரதர்ஸ் என்ற வாத்தியக்காரர்களை ஒரே அறையில் நெருக்கி உட்கார வைத்தது. ஒருவர் கொஞ்சம் முந்தினால் இன்னொருவர் இழுத்துப் பிடிப்பார். அந்த இழுபறிதான் பாட்டை ஆடவைத்தது. ஒரே ஆள் ஒவ்வொன்றாக வாசித்து அடுக்கும்போது எல்லாம் சுத்தமாக விழுகிறது, கொஞ்சம் அதிகமாகவே சுத்தமாக. நீங்கள் முதலில் ஃபோர் டாப்ஸ் என்ற மோடவுன் குழுவின் 'பெர்னடெட்' (1967) கேளுங்கள். அதில் பேஸ் ஜேம்ஸ் ஜேமர்சன். அவர் தந்தியைத் தட்டியது வலது கையின் ஒற்றை ஆள்காட்டி விரலால்.

'டூ ஐ லவ் யூ' பாட்டின் பழைய இசைத்தட்டு பல ஆயிரம் பவுண்டுக்குப் போகிறதாமே, நிஜமா?

நிஜம். ஃபிராங்க் வில்சன் 1965இல் மோடவுனுக்காகப் பாடியது. விளம்பரப் பிரதிகள் கொஞ்சம் அச்சடித்தார்கள், அப்புறம் வெளியீடு கைவிடப்பட்டு அந்தத் தட்டுகளும் பெரும்பாலும் அழிக்கப்பட்டன. வில்சன் பாடுவதை விட்டுத் தயாரிப்பாளராகிவிட்டார். தப்பிப் பிழைத்த ஒரு தட்டு எப்படியோ 1970களில் வட இங்கிலாந்து நடனக்கூடங்களுக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே ஆலைத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள், அமெரிக்காவிலேயே யாரும் சீண்டாத வேகமான சோல் பாட்டுகளுக்கு விடிய விடிய ஆடிக்கொண்டிருந்தார்கள். 'நார்தர்ன் சோல்' என்று பெயர். விற்காமல் போனதுதான் அவர்களுக்குப் பொக்கிஷம்! 2009இல் ஒரு பிரதி 25,000 பவுண்டுக்கு மேல் விலை போனது. ஸ்பிரிங்ஸ்டீன் இதை முதல் சிங்கிளாக விட்டபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, சந்தோஷமும் வந்தது.

ஒரே ஒரு பாட்டுதான் கேட்க நேரம் இருக்கிறது சார்.

'நைட்ஷிஃப்ட்'. 1985இல் கமோடோர்ஸ் குழு பாடியது. அதற்கு முந்தைய வருஷம்தான் சோல் பாடகர்கள் மார்வின் கேயும் ஜாக்கி வில்சனும் இறந்திருந்தார்கள். செத்துப்போன பாடகர்கள் மேலே ராத்திரி ஷிஃப்ட்டில் பாடிக்கொண்டிருக்கிறார்கள் என்பதுதான் பாட்டு. கமோடோர்ஸ் பாடும்போது அது ஓர் அஞ்சலி. தன் பேண்டிலேயே டேனி ஃபெடரிசியையும் கிளாரன்ஸ் கிளெமன்ஸையும் இழந்த ஒருவர், கரகரத்த குரலில் அதைப் பாடும்போது வேறு மாதிரி இருக்கிறது. இங்கே அனியெல்லோவின் சுத்தம்கூட எனக்கு உறுத்தவில்லை.

வெள்ளைக்காரர் கறுப்பர் இசையை எடுத்துச் சம்பாதிப்பது சரியா?

1950களில் நடந்தது சரியில்லை. கறுப்பர் பாட்டை வெள்ளைப் பாடகர் பாடி, மூலப்பதிவை ரேடியோவிலிருந்தே ஓரங்கட்டிய கதைகள் உண்டு. இது அப்படியில்லை. 'சோல் மேன்' பாடிய சாம் & டேவ் இரட்டையரில் ஒருவரான சாம் மூரையே கூப்பிட்டு இரண்டு பாட்டில் கூடவே பாட வைத்திருக்கிறார். மூருக்கு அப்போது வயது 80ஐத் தாண்டியிருந்தது, 2025 ஜனவரியில் காலமானார். ஆனால் ஒன்று, ஸ்பிரிங்ஸ்டீனைக் கேட்டுவிட்டு ஜெர்ரி பட்லரைத் தேடாமல் விட்டால் தப்பு உங்கள் பேரில். ஆல்பத்தின் தலைப்புப் பாட்டே பட்லருடையது. அவர் பிற்காலத்தில் சிகாகோ இருக்கும் குக் கவுண்டியில் உள்ளாட்சிப் பிரதிநிதியாகப் பல வருஷம் இருந்தார் என்பது தனிக்கதை.

கடைசிப் பாட்டு 'சம்டே வீ'ல் பி டுகெதர்' சுப்ரீம்ஸ் பாடியதுதானே?

சுப்ரீம்ஸ் மூன்று பெண்கள் கொண்ட மோடவுன் குழு, தட்டில் டயானா ராஸ் அண்ட் தி சுப்ரீம்ஸ் என்றுதான் இருக்கும். ஆனால் 1969 பதிவில் மற்ற இரண்டு சுப்ரீம்ஸும் பாடவில்லை, கோரஸுக்கு வேறு பெண்கள். நடுநடுவே ஓர் ஆண் குரல் ராஸை உற்சாகப்படுத்துவது கேட்கும். அது தயாரிப்பாளர் ஜானி பிரிஸ்டல். இன்னொரு மைக்கில் அவர் ராஸுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்ததையே பாட்டில் விட்டுவிட்டார்கள். ஹெட்ஃபோன் போட்டுக் கேளுங்கள், நன்றாகவே விழும்.