கடைசி ஆக் தொலைந்தால்? (கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஐயா,

கற்றுக்கொள்வதற்காக, கணினிகள் தரவைத் தொலையாமல் பரிமாறிக்கொள்ள உதவும் டிசிபி விதிமுறையைச் சொந்தமாக நிரலாக எழுதி வருகிறேன். ஒரே கணினிக்குள் சோதித்தால் எல்லாம் சரியாக ஓடுகிறது. வைஃபை வழியே ஓடவிட்டால், நான் மூடி முடித்த சில இணைப்புகளுக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து ஃபின் (இனி அனுப்பத் தரவு இல்லை என்னும் செய்தி) மறுபடி வருகிறது. என் நிரல் ரீசெட் (இணைப்பை உடனே முறிக்கும் செய்தி) அனுப்பிவிடுகிறது. கடைசி ஆக் (வந்து சேர்ந்தது என்னும் ஒப்புகை) அனுப்பியதுமே இணைப்பின் தகவலை அழித்துவிடுகிறேன். மூடியபின் சிறிது நேரம் காத்திருக்கும் டைம்-வெயிட் நிலையை எழுதவில்லை, சும்மா காத்திருக்க நினைவகம் எதற்கு என்று விட்டுவிட்டேன். பிழை எங்கே?

ச.

அன்புள்ள ச.,

நீங்கள் எழுதாமல் விட்ட அந்த நிலையில்தான் பிழை. ஃபின்னுக்கு ஆக் உண்டு. அந்த ஆக்குக்கு ஆக் கிடையாது. வழியில் அது தொலைந்தால் உங்களுக்குத் தெரியவே தெரியாது. எதிர்ப்பக்கம், கடைசி ஆக்குக்காகக் காத்திருக்கும் லாஸ்ட்-ஆக் நிலையில் நின்று, டைமர் முடிந்ததும் ஃபின்னை மறுபடி அனுப்பும். அதற்குள் நீங்கள் இணைப்பை மறந்தாயிற்று. தெரியாத இணைப்புக்கு ரீசெட் அனுப்புவது விதிப்படி சரிதான். ஆனால் ஃபின்னோடு அனுப்பிய கடைசித் தரவு உங்களிடம் வந்து சேர்ந்ததா என்பது எதிர்ப்பக்கத்துக்குத் தெரியாமலே போகிறது.

டைம்-வெயிட்டில் ஃபின் வந்தால் ஆக்கைத் திரும்ப அனுப்புங்கள், டைமரையும் முதலிலிருந்து தொடங்குங்கள். இந்த இரண்டாவது வேலை எளிதில் விட்டுப்போகும். 1981-இல் வந்த டிசிபி விதி ஆவணமான ஆர்எஃப்சி 793, ஒரு செக்மென்ட்டின் (டிசிபி அனுப்பும் தரவுத் துண்டின்) அதிகபட்ச ஆயுளை 2 நிமிடமாக வைத்து, அதன் இருமடங்கு காத்திருக்கச் சொன்னது. லினக்ஸ் 60 நொடியோடு நிறுத்திக்கொள்கிறது. பழைய இணைப்பில் தாமதமான செக்மென்ட், அதே முகவரி, அதே போர்ட்டில் திறந்த புது இணைப்புக்குள் நுழையாமல் தடுப்பதும் இந்தக் காத்திருப்புதான். நினைவகக் கவலை வேண்டாம்: பஃபர்களை (தரவைத் தற்காலிகமாக வைக்கும் இடங்களை) விடுவித்துவிட்டு முகவரிகள், போர்ட்கள், வரிசை எண்கள், டைமர் இவற்றை மட்டும் வைத்திருந்தால் போதும்.

அப்புறம், வைஃபை எப்போது பேக்கெட்டைத் தொலைக்கும் என்று காத்திருக்காதீர்கள். அனுப்பும் ஃபங்ஷனிலேயே குறிப்பிட்ட ஒரு பேக்கெட்டை மட்டும் விழுங்க ஒரு வசதி வையுங்கள். முதலில் கடைசி ஆக், அடுத்து இணைப்பு தொடங்கும்போது பதிலாக அனுப்பும் சின்-ஆக், அப்புறம் ஃபின் என்று ஒவ்வொன்றாகத் தொலைத்து, பக்கத்தில், போய்வரும் பேக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப்பை ஓடவிட்டுப் பாருங்கள். ஒரே கணினிக்குள் பேக்கெட் தொலைவதும் வரிசை மாறுவதும் அபூர்வம் என்பதால்தான் இவ்வளவு நாள் பிழை வெளியே தெரியவில்லை.

தரவுக்கு முன்னால் ஃபின் வந்து சேரும்படியும் ஒரு சோதனை எழுதுங்கள். இடையில் விட்டுப்போன தரவு வரும்வரை அந்த ஃபின்னை ஏற்கக் கூடாது. ஏற்கும்போது ஆக் எண்ணில் அதற்கும் ஒன்று கூட்ட வேண்டும். இதற்குப் பிறகும் ரீசெட் போனால் டிசிபிடம்ப் பதிவோடு எழுதுங்கள், பார்க்கிறேன்.