நேற்று ராத்திரி கொசுவலைக்குள் படுத்தது யார்? மலேரியாக் கணக்கெடுப்பு பற்றிக் கேள்வி பதில்

முப்பது வருடம் அரசு ஆய்வகத்தில் மைக்ராஸ்கோப்போடு குடித்தனம் நடத்தியவன் நான். ஓய்வு பெற்ற பிறகு மேற்கு ஆப்பிரிக்காவில் ஒரு மலேரியாக் கணக்கெடுப்புக்கு ஸ்லைடு, அதாவது கண்ணாடித் தகட்டில் தடவிய ரத்தம், படிக்கப் போய்வந்தேன். போன வாரம் நம் குழுவில் அதைப் பற்றி நாலு வரி சொன்னதும் கேள்விகள் குவிந்துவிட்டன. கையில் எட்டியதிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

காரைக்குடி, புள்ளியியல் மாணவி: ஐயா, நைஜீரியாவின் 2021 கணக்கெடுப்பில், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் மலேரியா 22 சதவீதம் என்று ஓர் இடத்திலும் 39 சதவீதம் என்று இன்னோர் இடத்திலும் இருக்கிறது. எது சரி?

இரண்டும் சரிதான் அம்மா. 22 மைக்ராஸ்கோப்பில் பார்த்த ஸ்லைடு சொன்னது, 39 உடனடியாக முடிவு காட்டும் சோதனைக் கிட் சொன்னது.

கிட் கிருமியைத் தேடுவதில்லை. மலேரியாக் கிருமிகளில் ஆபத்தான வகையான பால்சிபாரம் ரத்தத்தில் விடுகிற எச்.ஆர்.பி.2 என்ற புரதத்தைத் தேடுகிறது. பிள்ளை மருந்து குடித்துக் கிருமி செத்துப்போன பிறகும் அந்தப் புரதம் சில வாரம் ரத்தத்தில் சுற்றும். விருந்து முடிந்து ஆட்கள் கிளம்பிய பிறகும் கொல்லையில் எச்சில் இலை கிடக்கிற மாதிரி. ஸ்லைடு இன்றைக்கு இருக்கிற கிருமியை மட்டும் காட்டும். ஆனால் கிருமி கொஞ்சமாக இருந்தால் கண்ணுக்குத் தப்பிவிடும். நூறு புலம் (மைக்ராஸ்கோப்பில் ஒரு தடவை கண்ணுக்குத் தெரிகிற வட்டம் ஒரு புலம்) நகர்த்திப் பார்த்த பிறகுதான் ‘இல்லை’ என்று எழுத வேண்டும். சாப்பாட்டுக்குப் பிறகு மூன்று மணிக்கு, அன்றைக்கு நாற்பதாவது ஸ்லைடில், அறுபதாம் புலத்திலேயே கை ‘இல்லை’ எழுதத் துடிக்கும். எனக்கும் துடித்திருக்கிறது. அதனால்தான் ஒரே ஸ்லைடை இரண்டு பேர் தனித்தனியாகப் படிப்போம். ஒத்துவராவிட்டால் மூன்றாமவர் தீர்ப்பு.

நீங்கள் கவனிக்க வேண்டியது, ஸ்லைடை ஸ்லைடோடுதான் ஒப்பிட வேண்டும். 2010இல் 42, 2015இல் 27, 2021இல் 22. இறங்கு முகம். 2015இன் ஸ்லைடு எண்ணையும் 2021இன் கிட் எண்ணையும் பக்கத்தில் வைத்தால் 27 போய் 39 ஆகிவிட்டது என்று அழவேண்டி வரும். அப்படி எழுதப்பட்ட ஒரு கட்டுரையை நானே படித்திருக்கிறேன்.

பள்ளத்தூர், அங்கன்வாடிப் பணியாளர்: ஏன் ஆறு மாதம் முதல் 59 மாதம் வரை மட்டும்? பெரியவர்களுக்குக் கொசு கடிக்காதா?

கடிக்கும். மலேரியா மண்டிக் கிடக்கிற ஊரில் பெரியவர் உடம்பு வருடக் கணக்காகக் கடிபட்டுக் கிருமியோடு ஒரு மாதிரி சமரசம் செய்துகொண்டிருக்கும். ரத்தத்தில் கிருமி இருக்கும், ஆள் வயலில் இருப்பார். முதல் ஆறு மாதம் தாயிடமிருந்து வந்த எதிர்ப்பு சக்தி பிள்ளையைக் காக்கும். அது தீர்ந்து, சொந்த எதிர்ப்பு வளரும்வரை உள்ள இடைவெளிதான் நீங்கள் கேட்ட வயது. 2023இல் உலகம் முழுக்க மலேரியாவால் இறந்தவர்கள் சுமார் 5,97,000 பேர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. ஆப்பிரிக்கச் சாவுகளில் நாலில் மூன்று பங்கு ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள்.

ஒரு சொட்டு ரத்தத்தில் இரண்டு வேலை பார்ப்போம். கிருமியும் பார்ப்போம், ஹீமோகுளோபினும் பார்ப்போம். நூறு மில்லி ரத்தத்தில் ஹீமோகுளோபின் எட்டு கிராமுக்குக் கீழே போன, ரத்தசோகை உள்ள பிள்ளைகள் ஒரே ஊரில் நிறைய இருந்தால், ஸ்லைடு படிக்கும் முன்பே மலேரியா என்று சந்தேகம் வந்துவிடும். கைப்பிள்ளைக்கு விரலில் குத்தமாட்டோம், குதிகாலில்தான். அழுகை இரண்டுக்கும் ஒன்றுதான்.

கானாடுகாத்தான், ஓய்வுபெற்ற ஆசிரியை: ‘வலை இருக்கிறதா’ என்று கேட்டால் போதாதா? எதற்கு அவ்வளவு கேள்வி?

போதாது ஆச்சி. நம் ஊரில் எவர்சில்வர் பாத்திரம் எத்தனை என்று கேட்டால் பரணில் அடுக்கியிருப்பதையும் சேர்த்துத்தானே சொல்வோம்? வலையும் அப்படி. இருப்பது வேறு, விரிப்பது வேறு. அதனால் கணக்கெடுப்பவர் வலையை நேரில் பார்ப்பார், பூச்சிமருந்து ஏற்றியதா என்று லேபிளைப் பார்ப்பார், பிறகு வலைக்கு வலை கேட்பார்: ‘நேற்று ராத்திரி இதற்குள் படுத்தது யார் யார்?’ ‘வழக்கமாக’ என்று கேட்டால் எல்லோரும் நல்ல பிள்ளை ஆகிவிடுவார்கள். ‘நேற்று’ என்றால் பொய் சொல்வது கொஞ்சம் கஷ்டம்.

வீட்டுக் கணக்கும் அப்படித்தான். ஒரே உலையில் சாப்பிடுகிறவர்கள் ஒரு குடும்பம். உங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஒரே வளவுக்குள் (நம் பக்கத்துப் பெரிய வீட்டுக்குள்) மூன்று மகன்களைத் தனிக்குடித்தனம் வைத்தால் அடுப்பு மூன்று, புள்ளி (நம் பக்கத்துக் குடும்பக் கணக்கு) மூன்று. கூரையை எண்ணினால் ஒன்று, அடுப்பை எண்ணினால் மூன்று. இரண்டு பேருக்கு ஒரு வலையாவது உண்டா என்று கணக்குப் போடும்போது இந்த வித்தியாசம் விடையையே மாற்றிவிடும். அங்கே எங்களோடு வந்த இளைஞர்களுக்கு இது புரிய இரண்டு நாள் ஆனது. செட்டிநாட்டுக்காரன் எனக்கு ஒரு நிமிஷம்.

தேவகோட்டை, பெயர் வேண்டாம் என்றவர்: வீட்டுக்காரர் கானாவில் வேலை. நான் மூன்று மாதக் கர்ப்பம், முதல் பிள்ளை. அங்கே வரச் சொல்கிறார். அங்கே கர்ப்பிணிகளுக்கு மாத்திரை கொடுப்பார்களாமே, அது போதுமா?

தங்கச்சி, பிரசவம் முடிந்து போங்கள். இது என் முதல் பதில், கடைசி பதிலும் இதுதான். மலேரியா உள்ள நாட்டுக்குக் கர்ப்பிணிகள் பயணத்தைத் தவிர்ப்பதே நல்லது என்றுதான் உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது.

காரணம் சொல்கிறேன். பால்சிபாரம் கிருமி புகுந்த ரத்தச் சிவப்பணுக்கள் நச்சுக்கொடியில் ஒட்டிக்கொள்ளும். தாயின் விரல் ரத்தத்தில் ஒன்றுமே தெரியாது, உள்ளே நச்சுக்கொடியில் கூட்டம் கூடியிருக்கும். தாய்க்கு ரத்தசோகை, பிள்ளை எடை குறைவு. முதல் கர்ப்பத்தில்தான் இது அதிகம், ஏனென்றால் அந்த ஒட்டும் வகைக் கிருமியை உடம்பு அதற்கு முன் பார்த்ததே இல்லை. கணக்கெடுப்பில் கர்ப்பிணிகளை விரலில் குத்தி எண்ணாமல், சமீபத்தில் பிள்ளை பெற்றவர்களிடம் ‘கர்ப்பத்தில் எத்தனை முறை அந்த மாத்திரை சாப்பிட்டீர்கள், யார் கொடுத்தார்கள்’ என்று கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று எனக்குப் படுகிறது.

நீங்கள் கேட்ட மாத்திரை சல்ஃபாடாக்சின்-பைரிமெத்தமின். நாலாம் மாதம் தொடங்கி, ஒரு மாதமாவது இடைவெளி விட்டு, செவிலியர் கண்முன்னே மூன்று மாத்திரையை ஒரே வாயில் விழுங்க வேண்டும். இப்படிக் குறைந்தது மூன்று முறை. அது அங்கேயே பிறந்து வளர்ந்து பாதி எதிர்ப்பு சக்தியோடு இருக்கிற தாய்மார்களுக்கு வகுத்தது. உங்கள் உடம்பு மலேரியாவைப் பார்த்ததே இல்லை, அதனால் அதை நம்பிப் போகக்கூடாது. இன்னொரு சிக்கல், நம் பக்கம் சகஜமாக எழுதிக்கொடுக்கும் ஐந்து மில்லிகிராம் ஃபோலிக் ஆசிட் அந்த மாத்திரையின் வேலையைக் கெடுக்கும். 0.4 மில்லிகிராம் கெடுக்காது. போயே ஆகவேண்டிய நிலை வந்தால் மகப்பேறு மருத்துவரிடம் ‘ஆப்பிரிக்கா போகிறேன்’ என்று சொல்லித் தடுப்பு மாத்திரை கேளுங்கள். நீங்களாகக் கடையில் வாங்கவேண்டாம். டாக்சிசைக்ளின் என்ற தடுப்பு மாத்திரை கர்ப்பிணிக்கு ஆகாது.

உங்கள் வீட்டுக்காரர் லீவில் வரும்போது காய்ச்சல் அடித்தால், மருத்துவரிடம் சொல்லும் முதல் வாக்கியம் ‘ஆப்பிரிக்காவிலிருந்து வந்திருக்கிறேன்’ என்பதாக இருக்கட்டும். சொல்லாமல் விட்டு, டெங்கு டெஸ்ட், டைஃபாய்டு டெஸ்ட் என்று நாலு நாள் ஓடி, ஐந்தாம் நாள் ஸ்லைடு என் மேசைக்கு வந்ததுண்டு. பால்சிபாரம் நாலு நாள் பொறுக்காது.

கோட்டையூர், மளிகைக்கடைக்காரர்: அப்படியொரு கணக்கெடுப்பை நம் சிவகங்கை மாவட்டத்தில் எடுத்தால் என்ன?

எடுத்தால் பூஜ்யம் வரும் அண்ணே, செலவு மட்டும் மிஞ்சும். ஏழு கோடிக்கு மேல் மக்கள் உள்ள தமிழ்நாட்டில் சமீப வருடங்களில் பதிவாகும் மலேரியா நோயாளிகள் வருடத்துக்கு ஆயிரத்துக்கும் குறைவு. அதற்காக ஐயாயிரம் பிள்ளைகளைக் குத்தினால் ஒருத்தர்கூடக் கிடைக்கமாட்டார். கடலில் உப்பிருக்கிறதா என்று பார்க்க ஒரு கை நீர் போதும். வைக்கோல் போரில் ஊசி தேட அது ஆகாது.

இங்கே கணக்கு வேறு. காய்ச்சல் வந்தவரிடம் ஸ்லைடு எடுப்பது, நூறு பேரில் எத்தனை பேரிடம் எடுத்தோம் என்று பார்ப்பது, ஆயிரம் பேருக்கு எத்தனை நோயாளி என்று பார்ப்பது. ஒருத்தர் கிடைத்தால் அவர் எங்கே போய்வந்தார், பக்கத்து வீட்டில் யாருக்குக் காய்ச்சல் என்று ஹெல்த் இன்ஸ்பெக்டர் துரத்தவேண்டும். 2027க்குள் உள்ளூர்த் தொற்றே இல்லை என்று ஆக்குவது நாட்டின் இலக்கு. ஒரு எச்சரிக்கை மட்டும்: ஸ்லைடே எடுக்காத ஊரிலும் நோயாளி எண்ணிக்கை பூஜ்யம்தான் வரும்.

ஆத்தங்குடி, எழுபது வயதுப் பெரியவர்: எங்க அய்யா மலாயாத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. அங்கே கூலிப் பிள்ளைகளுக்கு எல்லாம் ‘வயித்துக்கட்டி’ என்பார். அதுவும் மலேரியாவா?

பெரும்பாலும் அதேதான் ஐயா. இடது விலாவுக்குக் கீழே கை வைத்தால் மண்ணீரல் வீங்கித் தட்டுப்படும். ரத்தத்தில் கிருமி இருப்பதே தெரியாத காலத்தில் மலேரியாவை அளந்தது இப்படித்தான். 1848இல் யமுனைக் கால்வாய்ப் பக்கத்துக் கிராமங்களில் டெம்ப்ஸ்டர் என்ற மருத்துவர் எத்தனை பேருக்கு மண்ணீரல் வீக்கம் என்று எண்ணி, ஊருக்கு ஊர் ஒப்பிட்டார். நூறு வருடம் கழித்து 1950இல் உகாண்டாவின் கம்பாலாவில் கூடிய மலேரியா மாநாடும் பிள்ளைகளின் மண்ணீரலை வைத்துத்தான் மலேரியாப் பகுதிகளைத் தரம் பிரித்தது. உங்கள் அய்யா சொன்ன மலாயாவில், கிளாங் பக்கம் 1901இல் மால்கம் வாட்சன் சதுப்பு நிலத்தை வடித்துக் காட்டினார். காய்ச்சல் இறங்கியது.

காரைக்குடி, வெளியூரில் இருப்பவர்: ஊரில் எங்கள் வீடு வருடத்தில் பத்து மாதம் பூட்டியே கிடக்கிறது. ஆபத்தா?

பூட்டினால் கொசுவுக்குக் கவலையில்லை. நகரத்து மலேரியாவைப் பரப்பும் அனாபிலஸ் ஸ்டெஃபன்சிக்குக் கிணறும் மேல்நிலைத் தொட்டியும் மழைநீர்த் தொட்டியும்தான் பிடிக்கும். கிணற்றில் எட்டிப் பாருங்கள். தலைகீழாகத் தொங்கும் புழு என்றால் வேறு கொசு. நீர்மட்டத்தோடு ஒட்டிப் படுத்திருந்தால் அனாபிலஸ். முட்டை கொசுவாகப் பத்து நாள் போதும். அதனால் காவல்காரரிடம் வாரம் ஒருநாள் தொட்டியையும் முற்றத்து அண்டாவையும் கவிழ்த்துத் தேய்க்கச் சொல்லுங்கள். கிணற்றுக்கு வலை மூடி போடுங்கள். ராமேசுவரத்தில் மலேரியா நெடுங்காலம் விடாமல் இருந்ததே, அது எவ்வளவு தூரம் இங்கிருந்து?

புதுவயல்: தடுப்பூசி வந்துவிட்டதே?

வந்தது. உலக சுகாதார நிறுவனம் 2021இல் ஒன்றையும் 2023இல் இன்னொன்றையும் பரிந்துரைத்தது. இரண்டாவதைச் செய்வது நம் புனேயில்தான். நாலு தவணை, பிள்ளைக்கு ஐந்து மாதம் ஆனதிலிருந்து. ஆப்பிரிக்கப் பிள்ளைகளுக்கு, கர்ப்பிணிகளுக்கு அல்ல. வலையைச் சுருட்டி வைக்கச் சொல்லவில்லை.

காரைக்குடி மாணவி மறுபடியும்: எங்கள் தெருவில் ஒரு சின்னக் கணக்கெடுப்பு பழகிப் பார்க்கலாமா?

தாராளமாக. ரத்தம் வேண்டாம், வலை மட்டும் போதும். காலையில் ஏழு எட்டு மணிக்குப் போங்கள், ‘நேற்று’ மறந்துபோகாமல் இருக்கும். முதலில் அடுப்பை எண்ணுங்கள். பிறகு வீட்டில் நேற்று ராத்திரி தூங்கிய ஒவ்வொருவர் பெயரையும் எழுதி, பெயருக்கு நேரே வலையின் எண்ணைப் போடுங்கள். விருந்தாளி தூங்கியிருந்தால் அவரையும் சேருங்கள். கொசுவத்திச் சுருளையும் மின்சார மட்டையையும் கணக்கில் சேர்க்காதீர்கள். பத்து வீடு முடித்துவிட்டு எனக்கு அனுப்புங்கள். ‘வலை இருக்கு, பரண்ல இருக்கு’ என்று சொன்னவர்களுக்குத் தனியாக ஒரு கட்டம் போட்டுவையுங்கள்.