கேளுங்கள், சொல்கிறோம்: எல்லைக்கு அப்பால் குருத்வாராக்கள்

கே: கர்தார்பூர் போக விசா வேண்டாமாமே? அப்படியே நன்கானா சாஹிபையும் பார்த்துவிட்டு வரலாமா? – வாசகி, கோவை

ப: விசா வேண்டாம், பாஸ்போர்ட் வேண்டும். சீக்கிய மதத்தைத் தொடங்கிய குருநானக் நிலத்தை உழுது வாழ்ந்து 1539இல் மறைந்த ஊர் அது, இப்போது பாகிஸ்தானில் இருக்கிறது. ராவி நதிக்கு அக்கரையில், எல்லையிலிருந்து நாலரை கிலோமீட்டர்தான். 2019 நவம்பர் 9 அன்று திறந்த பாதையில் எந்த மதத்து இந்தியரும் போகலாம் என்பது ஒப்பந்தம். உள்துறை அமைச்சகத்தின் இணையதளத்தில் பதிவு செய்து, மின்னணு அனுமதி கைக்கு வந்தபின் இந்தியப் பஞ்சாபின் எல்லை ஊரான தேரா பாபா நானக்கிலுள்ள முனையத்துக்குப் போக வேண்டும். பாகிஸ்தானுக்குக் கட்டணம் 20 டாலர். பை 7 கிலோ, ரொக்கம் 11,000 ரூபாய் வரை. அன்றே திரும்பிவிட வேண்டும். வளாகத்தைத் தாண்ட முடியாது. ஆகவே குருநானக் பிறந்த நன்கானா இதில் சேராது. அதற்கு இந்தியாவும் பாகிஸ்தானும் செய்துகொண்ட 1974 ஏற்பாட்டின்படி யாத்திரைக் குழுவில் சேர்ந்து விசா வாங்க வேண்டும். பிரிந்துபோன நன்கானாவைத் தரிசிக்கவும் பராமரிக்கவும் வழி கேட்டு, சீக்கியர்கள் இன்றும் அர்தாஸ் என்ற தினசரிப் பிரார்த்தனையில் வேண்டுகிறார்கள்.

ஒன்றை மறக்காதீர்கள்: 2025 மே மாதம் இந்தியா இந்தப் பாதையை மூடியது. திறந்திருக்கிறதா என்று பார்க்காமல் ரயில் டிக்கெட் எடுக்க வேண்டாம்.

போனால் உள்ளே இருக்கும் சமாதியோடு முற்றத்து மஜாரையும் (முஸ்லிம் முறைக் கல்லறை) பாருங்கள். குருவின் உடலுக்கு இந்துக்களும் முஸ்லிம்களும் உரிமை கோர, போர்வைக்கு அடியில் பூக்களே இருந்தனவாம். ஒரு பாதியை எரித்தார்கள், மறு பாதியைப் புதைத்தார்கள் என்பது மரபு.

கே: பழைய குருத்வாராவுக்குப் பளிங்கு பதித்தால் அழகுதானே, ஏன் எதிர்க்கிறார்கள்? – வாசகர், திருச்சி

ப: அடியில் இருப்பது நானக்‌ஷாஹி செங்கல். சிறியது, மெல்லியது, சுண்ணாம்புச் சாந்தில் கட்டியது. தரையிலிருந்து ஏறும் ஓதம் அந்தச் சுவர் வழியாகவே காய்ந்துவிடும். மேலே சிமெண்ட் பூசிப் பளிங்கு ஒட்டினால் ஈரத்துக்குப் போக வழியில்லை. உள்ளே உப்புப் பூத்துச் செங்கல் மாவாக உதிரும். வெளியே பளபளப்பு மட்டும் அப்படியே இருக்கும். சுவரோவியங்கள் கதி இன்னும் மோசம். மொஹ்ராகஷி என்பது ஈரப் பூச்சு காய்வதற்குள் தீட்டுவது. நிறம் சுண்ணாம்போடு இறுகிவிடும். வெள்ளையடித்திருந்தால் பொறுமையாகச் சுரண்டி மீட்க வாய்ப்புண்டு. சிமெண்டைப் பெயர்த்தால் ஓவியமும் சேர்ந்து வந்துவிடும். 2019 மார்ச்சில் பஞ்சாபின் தர்ன் தாரன் குருத்வாராவின் பழைய தர்ஷனி நுழைவாயிலைக் கர சேவை என்ற தொண்டுப் பணியில் இடிக்கத் தொடங்கியபோது, சீக்கியர்களே திரண்டு நிறுத்தியது இந்த வயிற்றெரிச்சலில்தான்.

பாகிஸ்தான் பக்கம் நோய் வேறு. 1947 பிரிவினையில் ஊர்ச் சீக்கியர்கள் இந்தியாவுக்குப் போனபின் பல குருத்வாராக்களைப் பார்க்க ஆளில்லை. விரிசலில் அரசங்கன்று முளைத்தால் விரல் பருமனுக்குள் இருக்கும்போதே அறுத்து, வேரைச் சாகடித்து, சுண்ணாம்புச் சாந்தால் அடைக்க வேண்டும். பிடுங்கினால் சுவரும் கூட வரும்.